மெதுவான கைக்கு ஏற்ற தண்டு

பந்து வாய்க்காலைத் தாண்டி, எதிர்க்கரைப் புல்லில் இரண்டு முறை குதித்து நின்றது.

சிவசங்கரன் சாமி கோல்ஃப் மட்டையைத் தோளிலிருந்து இறக்காமலே மனைவியின் பக்கம் திரும்பினார்.

"பாத்தியாடி நீலா? நெஞ்சு கெட்ட மனுஷன் அடிக்கிற அடியா இது? மதராசுக்குத் தந்தி அடிச்சுடலாம், ஆஸ்பத்திரிக் கட்டில் வேண்டாம்னு."

நீலாம்பாள் மாமி பந்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வைக்கு நான் அப்போதே பதில் சொல்லியிருந்தால், அந்த வருடத்து மழைக்காலத்தைச் சாமி பார்த்திருப்பார்.

சொல்லியிருக்க வேண்டியது ஒரே விஷயம்தான். சாமியின் மட்டையில் நான் மாட்டிக் கொடுத்திருந்தது பெண்கள் ஆடுகிற தண்டு.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. டென்னிஸ் மட்டைகளுக்கு நரம்பு கட்டுவேன். காயலுக்கு நடுவே போல்காட்டித் தீவில் கோல்ஃப் ஆடுகிறவர்களின் மட்டைகளுக்கு, கைப்பிடிக்கும் தலைக்கும் நடுவிலிருக்கிற எஃகுத் தண்டை மாற்றிக் கொடுப்பேன்.

தண்டு தேர்ந்தெடுக்க என்னிடம் ஒரு முறை உண்டு. பந்து வைக்காமல் பத்து வீச்சு வீசச் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு காற்றின் சத்தத்தைக் கேட்பேன். சரக்கென்று கிழித்தால் விறைப்பான தண்டு. இழுத்துக்கொண்டு வந்தால் வளைகிற தண்டு.

மெதுவாக வீசுகிறவர் கையில் விறைப்பான தண்டு வெறும் இரும்புக் குழாய்தான், பந்து எழும்பாது. வளைகிற தண்டு அப்படி இல்லை. கை செய்யாததில் கொஞ்சத்தை அதுவே செய்துவிடும். பெண்களுக்கென்று வருகிற தண்டுதான் எல்லாவற்றிலும் அதிகமாக வளையும்.

சாமி தேயிலை புரோக்கர். பன்னிரண்டு வருடமாக என்னிடம் விறைப்பிலும் விறைப்பான தண்டையே வாங்கினவர். அறுபத்திரண்டு ஜனவரியில் பட்டறைக்கு வந்தபோது ஆறாவது வீச்சோடு நிறுத்தி, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஆறிலும் காற்று சத்தமே போடவில்லை.

நெஞ்சில் ஒரு வால்வு சுருங்கிவிட்டதாம். இப்போதே வந்தால் திறந்து சரிசெய்யலாம், தள்ளிப்போட்டால் முடியாது என்று மதராஸ் டாக்டர் எழுதியிருந்தார். பிப்ரவரி பதினைந்துக்குக் கட்டிலும் ஒதுக்கியிருந்தார்கள்.

அத்தனையும் சொல்லிவிட்டு, "பழைய விறைப்பையே போடும் ஓய் ராவுத்தரே. பொம்மனாட்டித் தண்டைக் கொண்டுவந்து நீட்டினா காயல்ல எறிஞ்சுடுவேன், கேட்டீரா?" என்றார்.

பெரிய ஆபரேஷனுக்குப் போகிற மனிதர், போவதற்கு முன் ஒருமுறை நன்றாக அடித்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். பெண்கள் தண்டை எடுத்து, லேபிளைச் சுரண்டி, விறைப்பானது என்று சொல்லி மாட்டிக் கொடுத்தேன்.

எங்கள் தொழிலில் இது வழக்கம். வயதான துரைகளுக்கெல்லாம் இப்படித்தான். ஆட்டம் திரும்பிவிட்டது என்று குதிப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக்குக் கேக் வரும். யாரும் இதனால் கெட்டுப்போனதில்லை.

ஓர் அடியை நம்பி ஒருவர் ஆஸ்பத்திரியையே வேண்டாம் என்பார் என்று என் முறையில் எங்கும் இல்லை.

மாமி அப்படிப் பார்த்ததும், எல்லாவற்றையும் அவருக்குக் கேட்கும்படியே சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு, இரண்டடி முன்னால் வந்தேன். வாயையும் திறந்தேன்.

சாமி மட்டையை என் கையில் திணித்தார். புல்லில் எதையோ தேடுவது போலக் குனிந்து, என் முழங்கையைப் பிடித்து என்னையும் குனிய வைத்தார். அவருக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் சொல்லாதீர் ஓய். நீர் குடுத்தது வளையற தண்டுன்னு முதல் வீச்சிலேயே தெரிஞ்சுபோச்சு. எனக்குக் கத்தின்னா பயமாக்கும்."

மாமியை ஒருநாளும் ஆட்டத்துக்கு அழைத்து வராதவர், அன்றைக்கு ஏன் கைபிடித்துப் படகேற்றிக் கூட்டி வந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் காப்பாற்ற நினைத்தது அவருடைய கௌரவத்தை. அவருக்கு வேண்டியிருந்தது மாமியை நம்பவைக்க ஒரு சாட்சி.

நிமிர்ந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்து வைத்தேன்.

மட்டாஞ்சேரிக்குத் திரும்புகிற படகில் சாமி முன்பக்கம் போய் நின்று, படகுக்காரரிடம் தன் அடியைப் பற்றி மலையாளத்தில் அளந்துகொண்டிருந்தார். மாமி என் எதிரே உட்கார்ந்திருந்தார்.

பாதிக் காயல் தாண்டியதும், "ராவுத்தரே, எனக்கு இந்த ஆட்டமெல்லாம் தெரியாது. நீங்க தொழில் தெரிஞ்சவர். நீங்க சொன்னா நான் நம்பறேன். அவர் கைக்கு நிஜமாவே பழைய தெம்பு வந்திருக்கா?" என்று கேட்டார்.

சாமி பத்தடி தள்ளி நின்றார். இன்ஜின் இரைச்சலில் நான் எது சொன்னாலும் அவர் காதில் விழுந்திருக்காது. பதினைந்தாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

"வந்திருக்கு மாமி," என்றேன்.

மாமி இரண்டு கைகளையும் கூப்பி என்னைக் கும்பிட்டார்.