பச்சைக் களிம்பு

ஃப்யூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றியதும் உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு பூத்திருந்தது.

அவர் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். கால்கள் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முப்பத்தைந்து வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாகத் தாழ்ந்தது. இரண்டே இருக்கை.

"ஒரு சீட்டு உங்களுக்கு, இன்னொண்ணு ஸ்பேனர் டப்பாவுக்கு. நான் பஸ்லயே வந்துக்கறேன்" என்று மனைவி சொல்வது வழக்கம். இன்றும் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு தண்ணீர் பாட்டிலை ஸ்டூல் மேல் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

மணி இரண்டே கால். நாலு மணிக்குப் பேத்திக்குப் பள்ளி விடும். இந்த வண்டியோடு போய் வாசலில் நிற்க வேண்டும். சிநேகிதிகள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஆறு வயது வாண்டு பந்தாவாக ஏறி உட்காரும். வாரக்கணக்கில் தேடிய சாவி இன்று காலைதான் அலமாரியில் கிடைத்தது. வண்டி மட்டும் கிளம்ப வேண்டும்.

ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்து நாலு வருடம் குப்பை கொட்டியவர். எந்தக் கம்பி அறுந்தாலும் சிக்னல் தானாகச் சிவப்புக்குப் போய்விட வேண்டும் என்பது அங்கே பாலபாடம். ரயில் நின்றதால் யாரும் செத்ததில்லை என்பார்.

ஆனால் இந்தக் களிம்பு கணக்குக்கு ஒத்துவரவில்லை.

மழைத் தண்ணீர் தெறிக்கும் முன்பக்க இணைப்புகள் எல்லாம் பளபளவென்று இருந்தன. பேட்டரி முனைகள் சுத்தம். எர்த் போல்ட் சுத்தம். மழை எட்டிப் பார்க்க வழியே இல்லாத இந்தப் பெட்டிக்குள், அதுவும் ஸ்டார்ட்டருக்குப் போகும் இணைப்புகளில் மட்டும் அரிப்பு.

ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பொரிந்திருந்தது. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார்.

உப்பு.

விருட்டென்று எழுந்ததில் தலை ஸ்டீயரிங்கில் இடித்தது. யாரோ ஊற்றியிருக்கிறார்கள். ஒரு நாள் வேலை இல்லை இது. மாதக்கணக்கில், நிதானமாக, இடம் பார்த்து.

மாப்பிள்ளையின் முகம்தான் முதலில் வந்தது. போன முறை வந்தபோது ஷெட்டுக்குள் காலே வைக்கவில்லை அந்த மனிதர். பாம்பைப் பார்ப்பதுபோல வண்டியைப் பார்த்துவிட்டு வெளியிலேயே நின்றார். இடதுபக்கக் கதவுக் கண்ணாடிகூடப் புதுசாக இருக்கிறது. யார் மாற்றினார்கள், எப்போது? அவர் முதுகுக்குப் பின்னால் என்னென்னவோ நடக்கிறது.

"மாப்பிள்ளை இந்தப் பக்கம் வந்தாரா?"

வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்த மனைவி துணியிலிருந்து தலையை எடுக்கவில்லை. "அவரு எதுக்கு வராரு? கைவேலைய முடிங்க முதல்ல."

ஆத்திரத்தில் வேலை வேகமாக நடந்தது. உப்புத்தாளால் தேய்த்தார். ஸ்ப்ரே அடித்துத் துடைத்தார். தேறாத இரண்டு முனைகளை வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு போட்டு இறுக்கினார்.

சாவியைத் திருப்பினார். எஞ்சின் தொண்டையைச் செருமிக்கொண்டு பிடித்துக்கொண்டது.

மணி மூன்று பத்து. ஸ்டீயரிங்கை ஒரு தட்டு தட்டினார்.

மனைவி ஷெட் வாசலுக்கு வந்து நின்றாள். "மூடிய போடறதுக்கு முன்னாடி உள்பக்கம் பாத்துருங்க. எப்பவும் பாப்பீங்க."

எப்போதுமா?

மூடியின் உள்பக்கத்தில் ஃப்யூஸ் படம் போட்ட அட்டை. அட்டைக்குப் பின்னால் நாலாக மடித்த காகிதம். பிரித்தார். வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. முப்பத்து நாலு வருடம் டியூட்டிப் புத்தகத்தில் எழுதிய அவருடைய கையெழுத்து.

'உப்பு ஊற்றியது நான்தான். யாரையும் திட்டாதே, முக்கியமாக மாப்பிள்ளையை.

எனக்கு மறதி நோய். டாக்டர் அதற்கொரு பெயர் சொன்னார், அதுவும் நிற்கவில்லை. கோடையில் பேத்தியை வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போனேன். பிறகு நடந்தே வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன். இடதுபக்கக் கண்ணாடியை உடைத்துத்தான் அவளை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

வண்டியை விற்றால் தேடிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவேன். பழுதாகக் கிடந்தால் நானும் ஷெட்டிலேயே கிடப்பேன். படித்ததும் உப்புத் தண்ணீரை ஊற்று. சாவியை மனைவியிடம் கொடு. களிம்பு பிடித்ததும் திரும்ப அலமாரியில் வைப்பாள். தேதி போடு.'

கீழே பதினொரு தேதிகள். எல்லாம் அதே கையெழுத்து.

ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தார். ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. புதுக் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. அந்தப் பக்கத்து இருக்கையை அவரால் பார்க்க முடியவில்லை.

சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

வண்டியை விட்டு இறங்கி, ஸ்டூலில் இருந்த பாட்டிலை எடுத்துத் திறந்து, ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தார். பிறகு சற்று முன் பளபளவென்று துடைத்து வைத்த இணைப்புகளின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஒரு துளி வெளியே சிந்தவில்லை.

சாவியை நீட்டினார். அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். காகிதத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டாவது வரியில் பென்சிலை ஊன்றி, மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னைக்கு என்ன தேதி?"

அவள் சொன்னாள். மாதத்தையும் வருடத்தையும் சேர்த்தே சொன்னாள்.