அண்ணனின் நாற்காலி

“துணியையெல்லாம் எடுத்துடுங்கன்னு சொன்னேனேக்கா. போர்த்தி வெச்சா பொணவறை மாதிரி இருக்கு. எவன் வாங்குவான்?”

“எடுத்தாச்சு தம்பி. உன் கண்ணு எங்க போச்சு?” என்றாள் இன்ஸாஃப்.

வீட்டை விற்பதற்காகப் படமெடுக்க வந்திருந்த தரகன் வஜ்தி கேமராவைத் திருப்பிக் காட்டினான். படத்தில் விருந்தாளி அறையின் பொன்முலாம் நாற்காலிகள் எல்லாம் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தன. நேரில் அவை பளபளவென்று திறந்திருந்தன. துணிகள் அவள் கையில் இருந்தன.

அலெக்ஸாண்ட்ரியா வீடுகளில் அந்த அறை விருந்தாளிக்கு மட்டும்தான். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷங்களிலும் இன்ஸாஃப் தினமும் அதைத் துடைத்தாள், ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. குவைத்திலிருந்து அண்ணன் வந்தால் மட்டும் அம்மா துணியை விலக்கச் சொல்வாள். அம்மா இறந்து நாற்பதாம் நாள் கழிந்ததும் வீட்டை விற்கச் சொன்னவனும் அவன்தான். நீ எங்கே போவாய் என்று அவன் கேட்கவில்லை.

“இன்னொண்ணு எடுக்கறேன்,” என்றான் வஜ்தி.

இந்த முறை படத்தில் ஒரு நாற்காலி மட்டும் திறந்திருந்தது. ஜன்னலோரத்து நாற்காலி. அண்ணன் உட்காருவது.

இன்ஸாஃப் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே யாருமில்லாத இடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“எனக்கும் ஒண்ணைத் திறந்து விடேம்மா.”