எரியாத வார்த்தை

“தப்பைத் திருத்தாம விடுறதுக்கு ஒரு டீச்சர் எதுக்கு மேடம்?”

பெரிய டீச்சர் அந்தக் கட்டுரைத் தாளை மேசைமேல் வைத்தாள். அறைந்தாள் என்றே சொல்லலாம்.

வேலை முடித்து வருகிற பெரியவர்களுக்கான மாலைநேர இங்கிலீஷ் பள்ளி அது. புதிதாக ஒரு எழுத்து வகுப்பு தொடங்கப்போகிறது. அது தனக்குத்தான் என்று பெரிய டீச்சர் வீட்டிலும் வெளியிலும் சொல்லி முடித்துவிட்டாள். அதைச் சின்ன டீச்சருக்குக் கொடுக்கலாமா என்று பிரின்சிபால் யோசிப்பதாகக் காதில் விழுந்ததிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நேற்று முளைத்தவள்! இரண்டு வகுப்புகளுக்கும் நடுவில் இருந்த தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் வகுப்பில் சிரிப்புச் சத்தம் கேட்டால், இந்தப் பக்கம் இவள் கையில் சாக்பீஸ் உடையும்.

பிரின்சிபால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். “மை சிஸ்டர் பில்ட் எ ஹவுஸ். மை ஸ்டமக் பர்ன்ட்.”

“அக்கா வீடு கட்டினாளாம், இவங்களுக்கு வயிறு எரிஞ்சுதாம். எழுதினது அந்த பியூட்டி பார்லர்க்காரம்மா. என் கிளாசுல இருந்தப்பவும் இதையேதான் எழுதினாங்க. அடிச்சுட்டு மேலே ‘அசிடிட்டி’ன்னு திருத்திக் கொடுத்தேன். கிளாசே சிரிச்சுது. மறுநாள் இவ கிளாசுக்குத் தாவிட்டாங்க. இவ என்னடான்னா, சரின்னு டிக் போட்டு வெச்சிருக்கா.”

மூலையில் நின்ற சின்ன டீச்சர் தரையைப் பார்த்தாள்.

“நீ சொல்லும்மா,” என்றார் பிரின்சிபால்.

“‘ஜெலஸ்’னு ஒரு வார்த்தை இருக்குன்னு சொல்லிக் கொடுத்தேன் மேடம். அவங்க ரெண்டையும் மாத்தி மாத்திப் படிச்சுப் பார்த்தாங்க. ‘இந்த வார்த்தையில எரியவே இல்லையே டீச்சர்’னாங்க. சரி, எரியறதையே வெச்சுக்குங்க, ஆனா நம்ம பேச்சு தெரியாதவங்களுக்கும் அது சுடணும், அதுக்கு இன்னொரு வரி எழுதுங்கன்னேன்.”

பிரின்சிபால் அடுத்த வரிக்குப் போனார். “ஐ ட்ராங்க் வாட்டர். இட் டிட் நாட் ஸ்டாப்.”

தாளை அவர் உடனே கீழே வைக்கவில்லை.

“எனக்கும் ஒரு அக்கா இருக்கா,” என்றார் மெதுவாக.

பெரிய டீச்சருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

“எழுத்து வகுப்பை இவளே எடுக்கட்டும். நீங்க தப்பா நினைச்சுக்காதீங்க.”

“மேடம், இலக்கணத்துக்கு இந்த அக்காவும் கூட இருக்கட்டுமே,” என்று பெரிய டீச்சரைக் காட்டினாள் சின்ன டீச்சர். “அவங்க இல்லைன்னா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.”

நிஜமாகத்தான் சொன்னாள். அதுதான் பெரிய டீச்சருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

மாடிப்படியில் பார்லர்க்காரம்மா வகுப்புக்கு ஏறி வந்துகொண்டிருந்தாள். பழைய டீச்சரைக் கண்டதும் சுவரோரம் ஒதுங்கினாள். அந்த முகத்தைப் பார்த்தபின் தாண்டிப் போக மனம் வரவில்லை.

“வாட் ஹேப்பன்ட், டீச்சர்?”

பெரிய டீச்சர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். இத்தனை காலம் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷை எல்லாம் துழாவிப் பார்த்தாள். ஜெலஸ். என்வி. அப்செட். ஒவ்வொன்றும் ஆறிப்போய்க் கிடந்தது. கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

“மை ஸ்டமக்...” என்றாள். “பர்னிங்.”

பார்லர்க்காரம்மா பதறிப்போய்த் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். சொல்லிக்கொடுத்தவள் முன்னால் அந்தச் சொல்லைப் பிழையில்லாமல் சொல்ல வேண்டுமே என்று, எழுத்து எழுத்தாகக் கேட்டாள்:

“அசிடிட்டியா, டீச்சர்?”