தமயந்தியின் நாடித்துடிப்பு

கோவை சதுரங்க இறுதிப் போட்டியில், ஆடுகிறவர்களின் நாடித்துடிப்பு அவரவர் தலைக்கு மேலே திரையில் ஓடிக்கொண்டிருக்கும். தமயந்தியை எதிர்த்து ஆடிய ரூபன் பலகையைவிட அந்த எண்ணைத்தான் அதிகம் பார்ப்பான். எதிராளிக்குத் துடிப்பு எகிறினால் தப்பாக ஆடிவிட்டார் என்று அர்த்தம், உடனே பாய்ந்துவிடுவான்.

தமயந்தி கறுப்புக் காய்களோடு சிசிலியன் டிராகன் தற்காப்பை ஆடினாள். பல மாதங்கள் வீட்டில் ஆடிப் பார்த்த பொறி அது. பதினெட்டாவது நகர்த்தலில் குதிரையை வேண்டுமென்றே வெட்டுக்கு வைத்தாள். மனப்பாடமான ஆட்டம் என்பதால் துடிப்பு அறுபத்து நான்கைத் தாண்டவில்லை. ரூபன் திரையைப் பார்த்தான், கையை இழுத்துக்கொண்டான். அவன் வெட்டாவிட்டால் தோல்வி அவளுக்குத்தான்.

தமயந்தி கையைத் தூக்கி நடுவர் இளவழகனை அழைத்தாள். குனிந்தவரின் காதில், மூன்று வருடமாகத் தொண்டையிலேயே நின்றிருந்த கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"என்னைக் கட்டிக்கறீங்களா?"

எண் நூற்று முப்பதுக்குத் தாவியது. ரூபன் சிரித்துக்கொண்டே குதிரையை வெட்டினான். அடுத்த ஆறு நகர்த்தல்களில் அவனுடைய ராஜாவுக்குப் போக்கிடம் இல்லாமல் போனது.

வாசலில் இளவழகன் அவளை வழிமறித்தார்.

"ஏனுங்க, ஜெயிக்கறதுக்காகத்தான் அப்படிக் கேட்டீங்களா?"

"ஆமாங்க. ஆனா பொய்யாக் கேட்டிருந்தா நூத்தி முப்பது வந்திருக்குமா?"

இளவழகன் தன் மணிக்கட்டை அவளிடம் நீட்டினார்.

"நடுவருக்கெல்லாம் திரை வைக்கலீங்க. நீங்களே புடிச்சு எண்ணிக்கோங்க."