அனுமதிக்கப்பட்ட ஜோடி

புதுக் கிரகத்துக்கு இருபது வருஷப் பயணம். விண்கலத்தில் தம்பதிகளுக்கு மட்டுமே இடம். வெல்டரும் அவன் மனைவி நர்ஸும் அதிகாரியின் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

“இவருக்குப் பிடிச்ச சாப்பாடு?” என்று நர்ஸைக் கேட்டார் அதிகாரி.

“தெரியாது சார்.”

“இவங்க பிறந்தநாள்?”

வெல்டர் திருதிருவென விழித்தான்.

“அப்போ, இடத்துக்காகக் கட்டிக்கிட்ட கல்யாணம்!”

இருவரும் தலைகுனிந்தார்கள்.

“ரொம்ப நல்லது” என்று முத்திரை குத்தினார் அதிகாரி. “கலத்துல காத்து அளவுதான்; முறை வெச்சு ஒருத்தர் தூங்க, ஒருத்தர் முழிச்சிருக்கணும். ஆசைப்பட்டுக் கட்டினவங்க பேச்சுத்துணைக்கு எழுப்பிடறாங்க. காத்து பத்தாம ரெண்டு பேருமே போயிடறாங்க.”

வெளியே வந்ததும் நர்ஸ் அவன் தோளில் சாய்ந்து அழுதாள். “இருபது வருஷம் உங்ககூடப் பேசாம எப்படிங்க?”

“இந்தப் பூமிப் புகையில உன் நுரையீரல் தாங்காதும்மா. அங்க போனா பிழைச்சுக்குவே. சொல்றதையெல்லாம் இப்பவே சொல்லிடு.”

“உங்களுக்குப் பிடிச்சது வத்தக்குழம்புன்னு தெரிஞ்சும் பொய் சொல்லிட்டேங்க” என்று ஆரம்பித்தாள் அவள்.