பொய் போன்

பாராடாங் தீவுப் படகுத்துறையில் சிவபிரகாஷின் மீன் லாரி நின்றது. வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகு சாப்பாட்டு நேரத்துக்காக அக்கரையில் கட்டிக் கிடந்தது. அது வந்து சேர்வதற்குள், அக்கரைக் காட்டுச் சாலையில் வண்டிகளை வரிசையாக அனுப்பும் கடைசி கான்வாய் கிளம்பிவிடும்.

"ஐஸெல்லாம் தண்ணியா ஓடுது பரமகுரு. நாளைக்கு அபர்டீன் பஜார்ல இந்த மீனை நாய்கூடத் தின்னாது" என்று புலம்பினார் சிவபிரகாஷ்.

டிரைவர் பரமகுரு ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தான். "ஆம்புலன்ஸ் வந்தா படகு உடனே திரும்பும், முதலாளி. எனக்கு நெஞ்சுவலின்னு போன் போடுங்க. அதோட நாமளும் ஏறிடலாம். என் போன்ல டவர் இல்ல."

"பொய் போன்னு தெரிஞ்சா கேஸாயிடும்டா!"

"அபராதம் பெருசா, மீன் பெருசா?"

சிவபிரகாஷ் மனதுக்குள் கணக்குப் போட்டார். மீன்தான் பெரியது. போன் செய்தார்.

சற்று நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. அக்கரையிலிருந்து படகும் வந்தது. நர்ஸ் லாரிக் கதவைத் திறந்ததும் பரமகுரு அவள்மேல் சரிந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"அரே, என்னா ஆக்டிங்!" அவன் காதருகே குனிந்து சிரித்தார் சிவபிரகாஷ். "போதும்டா. வலி போயிடுச்சுன்னு சொல்லிட்டு வண்டிய எடு."

"நடிக்கல முதலாளி. காலைலேருந்தே வலி." அவனுக்கு மூச்சு வாங்கியது. "எனக்குன்னு கேட்டிருந்தா, லோடை இறக்கிட்டுப் பாத்துக்கலாம்னு சொல்லியிருப்பீங்க. அதான் மீனுக்குன்னு கேட்டேன்."

ஆம்புலன்ஸ் படகில் ஏறியது. ஓட்ட ஆளில்லாத லாரி இக்கரையில் ஒழுகிக்கொண்டு நின்றது.