கண்ணாயிரம் போட்ட மார்க்

பொருளாதார வாத்தியார் யதிராஜன் மந்தாரை இலையைப் பிரித்ததும் பி.யூ.சி. வகுப்பு மொத்தமும் மூக்கை நிமிர்த்தியது.

மிளகும் சுக்கும் மணக்க, உள்ளே அவர் அம்மா வார்த்த கோவில் இட்லி.

பொருளாதாரப் புத்தகத்தில் ஆப்பிள் என்றுதான் போட்டிருந்தது. சின்னக் காஞ்சிபுரத்தில் ஆப்பிளுக்கு அவர் எங்கே போவார்? ஒரே பண்டத்தைத் தின்னத் தின்ன அதன் மேல் ஆசை குறையும் என்கிற விதியை நிரூபிக்க இட்லி போதாதா என்ன.

நிரூபித்தே ஆகவேண்டும். கடைசி பெஞ்சில் பிரின்சிபால் உட்கார்ந்திருந்தார். யதிராஜனின் தற்காலிக வேலை நிரந்தரமாவதும் பறிபோவதும் இந்த ஒரு மணி நேரத்தில் இருந்தது. பயத்தில் காலையில் காபிகூட உள்ளே இறங்கவில்லை.

தென்னேரியிலிருந்து பஸ்ஸில் வரும் கண்ணாயிரத்தை முன்னால் கூப்பிட்டார். சாப்பாட்டில் சூரன் என்று பேரெடுத்தவன். ஒவ்வொரு துண்டுக்கும் பத்துக்கு எத்தனை மார்க் என்று அவன் சொல்லவேண்டும். மார்க் குறையக் குறையக் கரும்பலகையில் கோடு கீழே இறங்கிக்கொண்டே வரும் என்று விளக்கினார்.

முதல் துண்டு வாய்க்குள் போனது. கண்ணாயிரம் ஒரு கணம் அசையாமல் நின்றான். கண் லேசாகக் கலங்கியது.

பத்து என்றான்.

பையன் ருசியில் சொக்கிவிட்டான் என்று யதிராஜனுக்கு ஒரே பூரிப்பு.

இரண்டாவதற்கு எட்டு. மூன்றாவதற்கு ஏழு. நடுவில் தண்ணீர் கேட்டு ஒரு சொம்பைக் காலி செய்தான். அப்புறம் ஐந்து, இரண்டு. ஆறாவது துண்டை நீட்டியபோது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான்.

கோடு புத்தகத்தில் இருந்த மாதிரியே வந்திருந்தது. பிரின்சிபால் எழுந்து வந்து யதிராஜனின் தோளைத் தட்டினார். அடுத்த மாதமே ஆர்டர் போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வகுப்பு கலைந்தது. அப்போதுதான் யதிராஜனுக்குப் பசித்தது. மீந்த துண்டைப் பிட்டு வாயில் போட்டார்.

உப்பு. இரண்டு தடவை போட்ட உப்பு.

பெருமாளுக்குப் படைக்கும் முன் வாயில் வைத்துப் பார்க்கிற வழக்கம் அவர் வீட்டில் கிடையாது. படைத்த கையோடு அம்மா கட்டிக் கொடுத்திருந்தாள்.

வெளியே தண்ணீர்ப் பானையடியில் கண்ணாயிரம் இன்னும் குடித்துக்கொண்டிருந்தான். அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது யதிராஜனுக்கு. ஏனப்பா சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார்.

“கோடு எறங்கிக்கினே வரணும்னு சொன்னீங்களே சார். பூஜ்யத்துல ஆரம்பிச்சா எங்க சார் எறங்குறது?”